காமன் ஏரியாவில் ஒரு கம்பளிப் பூட்ஸ்

மந்தாரம் அடுக்ககத்தில் ஒருவர் செத்துப்போனால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். செருப்பு ஸ்டாண்டு பிரச்சினை என்றால் மொத்தக் கட்டடமும் கூடிவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. சங்கத்தின் பொதுக்குழுவுக்குத் தேவையான ஆள்பலம் சேர்ந்து நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் செருப்புக்காகத்தான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஐந்து மாடியும் ஒரே ஒரு லிஃப்டுமாக நிற்கிறது அந்தக் கட்டடம். மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. வாசலுக்கு வெளியே ஸ்டாண்டு வைத்தால் பொது இடத்தை ஆக்கிரமிக்கிறோம் என்று சங்கம் நோட்டீஸ் அனுப்பும். உள்ளே வைக்கலாம் என்றால் என் மனைவி இசக்கியம்மாள் இருக்கிறாள். செருப்பு நிலைப்படியைத் தாண்டினால் அவளுக்குச் சாமி வந்துவிடும். நான் தி.நகரில் நைட்டி, உள்பாவாடை மொத்த வியாபாரம் செய்கிறவன். பகல் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குச் செருப்பைக் கழற்ற ஒரு முழம் இடம் இல்லை என்றால் எரிச்சல் வருமா, வராதா? ஆகவே கதவோரமாக ஒரு சின்ன ஸ்டாண்டைப் போட்டிருந்தோம். சங்கம் நோட்டீஸ் அனுப்பும், நான் கிழித்துப் போடுவேன். இப்படியே சௌக்கியமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மகள் ஷண்முகப்ரியா ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்து முடித்துத் திரும்பி வந்தாள்.

விமான நிலையத்தில் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டாள். கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தது ஒரு ஜோடி பூட்ஸ். முட்டி உயரம், சாம்பல் நிறம், அழுத்திச் செய்த ஆட்டு ரோமம். ஜூலை வெயிலில் அதைப் பார்க்கவே எனக்கு வேர்த்தது.

“என்னட்டி இது? தலகாணி உறையா?”

“ஆட்டாதீங்கப்பா. உள்ள ஆளு தூங்குறாரு.”

பிரயாண அசதியில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை ஹாலில் வைத்தாள். “அம்மா, இதை அடுப்புப் பக்கத்துல வச்சு, வாங்க தாத்தான்னு கூப்பிடணும். ஒரு மணி நேரம் தூங்கிட்டு வந்து சொல்றேன்” என்றாள். அப்படியே விழுந்தவள் மறுநாள் காலைவரை எழுந்திருக்கவில்லை.

செருப்பை அடுப்புப் பக்கத்தில் வைக்கச் சொன்ன மகளை இசக்கியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை களைத்துப்போய் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பூட்ஸை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வெளியே போய் ஸ்டாண்டில் வைத்தாள். “எளவு, இங்கனயே கெட!” என்றாள். வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அவ்வளவுதான் நடந்தது. எந்தத் தமிழ் வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் காலையில் ப்ரியா எழுந்து வாசலைப் பார்த்ததும் போட்ட அலறலில் எதிர்வீட்டு அப்துல் சமத் பாய் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

விஷயம் இதுதான். ப்ரியா வாடகைக்கு இருந்தது சோவியத் காலத்துக்கும் முந்தைய ஐந்து மாடிக் கட்டடத்தில், ஸினயீதா பாவ்லவ்னா என்கிற வயதான அம்மாளின் வீட்டில். அந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள். அந்த அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆனால் ரஷ்யாவில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பாராம். வீட்டைக் காக்கிறவர். தமவோய் என்று பெயர். வீட்டைக் காலி செய்யும்போது அவரை அம்போ என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. பழைய பூட்ஸை அடுப்படியில் வைத்து, “எங்களோடு வாங்க தாத்தா” என்று கூப்பிட்டால் அதில் ஏறிக்கொள்வார். புது வீட்டில் எங்கே இறக்கி வைத்து, இரு என்று சொல்கிறோமோ அதுதான் அவருக்கு வீடு.

“அந்தம்மா என் கையைப் பிடிச்சு அழுதாங்கம்மா. தாத்தாவை இடிபாட்டுல விட்டுட்டுப் போக மாட்டேன்னாங்க. நான் பாத்துக்கிறேன்னு வாக்குக் குடுத்தேன். நீ வெளிய வச்சதும் இல்லாம, இங்கயே கிடன்னு வேற சொல்லிட்டியா? இப்ப அவரு நம்ம வீட்டுத் தாத்தா இல்ல. காரிடார் தாத்தா!”

“எடுத்து உள்ள வச்சாப் போச்சு” என்று நான் பூட்ஸைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. நானும் சமத் பாயும் சேர்ந்து இழுத்தோம். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்ட தமவோயைக் கிளப்ப வேண்டுமானால், அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் அங்கேயே நின்று, தன் வாயால், ‘எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்ல வேண்டுமாம். பிறகு புது வீட்டுக்காரி தன் கையால் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டும்.

“காரிடாருக்கு யாருப்பா சொந்தக்காரர்?” என்றாள் ப்ரியா.

நான் கிழித்துப் போட்ட சங்கத்து நோட்டீஸ்களெல்லாம் என் கண்முன் வந்தன.

அப்போது பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. பிறகு ஒரு தலை வந்தது. தேங்காய் நார் மாதிரி தாடி, கோடு போட்ட பனியன், நன்றாகத் தின்று கொழுத்த பூனை அளவுக்கு ஒரு கிழவர். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இசக்கியம்மாளிடம் தலையைத் தாழ்த்தினார். பெயர் பகோமிச் என்றாள் ப்ரியா.

சமத் பாய் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டார். “அண்ணாச்சி, இன்னா இது? நம்ம ஃப்ளோர்லயா கீறாரு?” என்றார்.

என் மனைவி காவல் தெய்வங்களுக்குப் படையல் போடுகிற வம்சம். அவள் பயப்படவில்லை. வெட்கப்பட்டாள். “அய்யய்யோ, பெரியவுகளச் செருப்போட செருப்பா வெளிய போட்டுட்டனே. எம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காவ! நான் பாவி!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கிண்ணத்தில் பாலைக் காய்ச்சி எடுத்துவந்து வைத்தாள். பகோமிச் குடித்தார். ஆனால் ப்ரியாவுக்குக் கவலை தீரவில்லை. தமவோய்க்குச் சாப்பாடு பெரிதல்ல. அடுப்பின் சூடுதான் மூச்சு. அடுப்பில்லாத இடத்தில் நாளாக ஆகச் சிறுத்து, கடைசியில் இல்லாமலே போய்விடுவார்.

பால் கிண்ணம் காலியாவதற்குள் வாட்ஸாப் குழுவில் செயலாளர் நீரஜா மேடத்தின் அறிவிப்பு வந்துவிட்டது: பொது இடத்தில் உணவுப் பண்டங்கள் வைப்பது விதிமீறல். கீழே கும்பிடும் கைகள்.

அடுத்த சில நாட்களில் கட்டடத்தில் விசேஷங்கள் ஆரம்பித்தன. பொங்கலுக்கு நின்ற லிஃப்ட் தானாக ஓடியது. முனகிக்கொண்டே இருந்த தண்ணீர் மோட்டார் வாயை மூடிக்கொண்டது. மாடிப்படியின் ஆடும் கைப்பிடி ஆடாமல் நின்றது. குடிவைத்த இடத்தைப் பராமரிப்பது தமவோயின் தர்மம். அந்தக் காலத்தில் குதிரைகளின் பிடரியை அழகாகப் பின்னிவிடுவாராம். எங்கள் கட்டடத்தில் குதிரைக்கு எங்கே போவார்? துப்புரவு வேலை செய்யும் அன்புக்கரசி ஒரு நாள் மாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“யக்கா, இத்தப் பாரு. மாப்புக்குப் பூரா ஜடை பின்னி வெச்சிகீது! நானும் டெய்லி அவுத்துக்கினே கீறேன், அது டெய்லி பின்னிக்கினே கீது. எம் பொண்ணுக்குக்கூட நான் இவ்ளோ அயகா பின்னல.”

இசக்கியம்மாள் அவளிடம் விவரத்தைச் சொன்னாள். அன்புக்கரசி பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்து, “தாத்தா, மாப்ப வுட்ரு. வேணும்னா எந்தலய பின்னு” என்றாள்.

சங்கத் தலைவர் பாலு அவர்கள் நேரில் ஆய்வுக்கு வந்தார். ஏதோ ஒரு வாரியத்தில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்திலிருந்துதான், அதிகாரத்திலிருந்து அல்ல. லுங்கியோடு லிஃப்டில் ஏறியவரை இறக்கிவிட்ட மனிதர். பின்னால் நீரஜா மேடம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார். ஸ்டாண்டின் மேல்தட்டில் பகோமிச் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

இருவரும் அலறுவார்கள் என்று நினைத்தேன். ஒரு சலனமும் இல்லை.

“இவர் எந்த கேட்டகரி?” என்றார் பாலு.

“சார், இவர் வந்து... ரஷ்யாவிலேர்ந்து வந்த ஒரு மாதிரி ஆவி” என்றேன்.

“அது தெரியறது. ஓனரா, டெனன்டா, விசிட்டரா, பெட் அனிமலா? நாலுல ஒண்ணாத்தானே இருக்கணும்?”

நீரஜா மேடம் என்னைப் பரிவோடு பார்த்தார். “சார், பேய்ன்றது எங்களுக்குப் பிரச்சினையே இல்ல. நம்மளது ரொம்ப ஓப்பன் மைண்டட் கம்யூனிட்டி. பெர்மிஷன் இல்லாத பேய்தான் பிரச்சினை. இவர் ஃபேமிலியா, பேச்சிலரா?”

வாசலில் நின்ற ப்ரியா அவரிடம் ரஷ்ய மொழியில் கேட்டுச் சொன்னாள். “கல்யாணம் ஆகலையாம்.”

“பேச்சிலருக்கு நாம ஃப்ளாட் விடறதில்லையே.”

“அவர் ஃப்ளாட்ல இல்ல மேடம். காரிடார்லதான் இருக்கார்” என்றேன்.

“அப்ப இன்னும் மோசம். நான்வெஜ்ஜா?”

“பால், கஞ்சி, ரொட்டி.”

நீரஜா மேடத்தின் முகம் மலர்ந்தது. “பாருங்க, நல்ல ஃபேமிலி பேக்ரவுண்டுதான். அதான் முகத்துலயே தெரியுதே.”

எதிர்வாசலில் நின்ற சமத் பாய் இருமினார். அன்று அவர் வீட்டில் பிரியாணி.

நான் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்துக்கு வந்தேன். “சார், உங்களுக்கும் தொந்தரவு வேண்டாம். நீங்க சங்கத் தலைவர். காரிடார் சங்கத்துக்குச் சொந்தம். இவரை எடுத்துக்கிட்டுப் போன்னு இங்க நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே உள்ள கொண்டுபோயிடறோம். பாவம், நாளுக்கு நாள் சிறுத்துக்கிட்டே வர்றார்.”

பாலு என் தோளில் கை வைத்தார். ஒரு குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“அய்யாதுரை, நான் தலைவரா இருக்கறதாலதான் என்னால எதுவும் சொல்ல முடியாது. பொறுப்பில்லாதவா சொல்லலாம். பொறுப்புல இருக்கறவன் எப்படிச் சொல்வான்? என் மொத்த சர்வீஸ்ல ஒரு ஃபைல்லகூட நான் சரின்னும் எழுதினதில்ல, கூடாதுன்னும் எழுதினதில்ல. அதனாலதான் என் மேல ஒரு விசாரணைகூட கிடையாது. இதை ஜெனரல் பாடி பரிசீலிக்கட்டும்.”

பொதுக்குழு கூட்டினார்கள். நான், ப்ரியா, சமத் பாய், பாலு, நீரஜா. கீழிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மற்றபடி காலி. ஆள்பலம் இல்லாததால் பொதுக்குழு ஒத்திவைக்கப்பட்டது. அதே நாற்காலிகளில் அப்படியே விசாரணைக் குழு என்று உட்கார்ந்தார்கள். அதற்கு ஆள்பலம் வேண்டாமாம்.

பகோமிச்சை முன்னால் நிறுத்தினார்கள். அணில் அளவுக்கு வந்திருந்தார். பனியன் தரையில் புரண்டது. முன் அனுபவம் என்ன என்று கேட்டார் பாலு. பகோமிச் மெல்லிய குரலில் நீளமாகச் சொன்னார். ப்ரியா மொழிபெயர்த்தாள்.

“அவர் இருந்த கட்டடத்துல ஒரு வீட்டுல ஏழு குடும்பமாம். ஒரே சமையல்கட்டு. வீட்டுக் கமிட்டின்னு ஒண்ணு உண்டாம். யார் எப்ப அடுப்பு பத்த வைக்கலாம், யார் எந்த ஆணியில துண்டு மாட்டலாம், எல்லாம் கமிட்டிதான் சொல்லுமாம். இவர்கிட்டயும் வந்து, இங்க குடியிருக்க உனக்கு முத்திரை இருக்கான்னு கேட்டாங்களாம். அதுக்கும் முன்னால நூறு வருஷமா அங்கதான் இருக்கேன்னாராம். அப்ப நூறு வருஷமா சட்டவிரோதமா இருந்திருக்கேன்னாங்களாம். அப்புறம் ஒரு நாள் காலையில எந்திரிச்சா நாடே இல்லையாம். கொடி போச்சு, சம்பளம் போச்சு, கடையில ரொட்டி போச்சு. ஆனா கமிட்டி போகலையாம். பேரை மட்டும் மாத்திக்கிட்டு, படிக்கட்டுல யார் குப்பை போட்டதுன்னு நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம்.”

பாலுவின் கண்கள் கலங்கிவிட்டன. “நீரஜா, இதை மினிட்ஸ்ல ஏத்துங்கோ” என்றார். “நாடு போனாலும் கமிட்டி போகாது. எவ்வளவு பெரிய வார்த்தை! இதைத்தான் நான் இத்தனை வருஷமா கத்திண்டிருக்கேன், யாராவது கேக்கறேளா?”

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பகோமிச்சின் மேல் இரக்கம் வரட்டும் என்று, லிஃப்டை ஓட வைத்ததும் மோட்டாரைச் சரிசெய்ததும் அவர்தான் என்று சொல்லித் தொலைத்தேன். பாலுவும் நீரஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிமிஷமே விசாரணை முடிந்தது. வெளியேற்ற வேண்டிய ஆள் என்றிருந்தவர், வெளியே விடக்கூடாத பொதுச்சொத்து ஆகிவிட்டார்.

மறுநாளே லிஃப்ட் பராமரிப்புக்காரர்களை நிறுத்திவிட்டார்கள். பகோமிச்சுக்குக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டினார்கள். அது அவரைவிடப் பெரிதாக இருந்தது. நடக்கும்போது கால் தடுக்கி விழுந்தார். ரஷ்யாவில் பெற்ற அனுபவம் இங்கே செல்லாது என்றும், தகுதிச் சமநிலைத் தேர்வில் தேறும்வரை தற்காலிகப் பணியாளர் என்றும் அறிவித்தார்கள். அதைக் கேட்டு ப்ரியா சிரித்தாள். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்ததால் அவளும் அப்படி ஒரு தேர்வுக்குத்தான் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டாள்.

பணியாளர் என்று ஆனபிறகு பகோமிச் லிஃப்டில் ஏறக் கூடாது. பணியாளர்களுக்குப் படிக்கட்டுதான். லிஃப்டை ரிப்பேர் செய்ய ஐந்து மாடியும் தத்தித் தத்தி ஏறிப் போவார். தினமும் கைரேகை வைக்க வேண்டும். கட்டைவிரல் முழுக்க முடி. மெஷின் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று சொல்லும், அவர் மீண்டும் முயற்சிப்பார். இப்படியாக வேலை செய்த நாளெல்லாம் வராத நாளாகக் கணக்காகி, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவருக்கு மெமோ வந்தது. செருப்பு ஸ்டாண்டில் ஒட்டிவிட்டுப் போனார்கள். கூடவே எனக்கும் ஒரு நோட்டீஸ்: ஸ்டாண்டை உடனே அப்புறப்படுத்தவும்.

“ஏன் மேடம், ஸ்டாண்டை எடுத்துட்டா அவர் எங்க இருப்பார்?” என்று நீரஜா மேடத்தைக் கேட்டேன்.

“அது ஸ்டாஃப் வெல்ஃபேர் சார். ஸ்டாண்டு வந்து வயலேஷன். ரெண்டும் வேற வேற சப் கமிட்டி.”

இசக்கியம்மாள் காரிடாரில் ஓர் அகல்விளக்கை ஏற்றி வைத்தாள். பகோமிச் அதன் பக்கத்தில் குந்தி, கையை நீட்டிக் குளிர் காய்ந்தார். அந்த வெயில் காலத்தில் அவர் நடுங்குவதைப் பார்க்கப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது என்றாள் அவள். அரை மணி நேரத்தில் தீத்தடுப்பு விதிப்படி விளக்கை அணைக்கச் சொல்லிச் செய்தி வந்தது. கீழே கும்பிடும் கைகள்.

அந்த வாரக் கடைசியில் பகோமிச் எலுமிச்சம்பழ அளவுக்கு ஆகிவிட்டார். பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவித்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நிலைப்படியைத் தாண்ட முடியாத அவரை ப்ரியா வாசலிலேயே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “ஸினயீதா பாவ்லவ்னா போன் பண்ணி, தாத்தா நல்லா இருக்காரான்னு கேக்குறாங்கம்மா. நான் என்னன்னு சொல்லுவேன்?” என்று விம்மினாள்.

இசக்கியம்மாள் அவரை வாங்கி மெல்லப் பூட்ஸுக்குள் விட்டாள். பிறகு கேட்டாள். “ஏட்டி, அந்தாளு வாயால சொன்னாப் போதும்லா? மனசாரச் சொல்லணும்னு இல்லைல்லா?”

“வாயால சொன்னாப் போதும்மா. ஆனா அவர்தான் எதையும் சொல்றதே இல்லையே.”

“சொல்லுவாரு. அவருக்கு எதுல வாய் வரும்னு எனக்குத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இசக்கியம்மாள் வாசலுக்கு வெளியே இருந்த பரணில் ஏறி மூட்டை மூட்டையாக இறக்கினாள். பழைய செருப்பு, கல்யாணச் செருப்பு, ப்ரியா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன ஷூ, நான் தொலைந்துபோனதாக நினைத்து வேறு வாங்கிவிட்ட சாண்டல்ஸ். எல்லாவற்றையும் காரிடாரில் பரப்பினாள். லிஃப்ட் கதவுவரை பரப்பினாள். சத்தம் கேட்டு எதிர்க்கதவு திறந்தது. சமத் பாயின் மனைவி நஸ்ருன்னிசா ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு பெருநாளைக்கு வாங்கிய செருப்புகள் அத்தனையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். அன்புக்கரசி தன் ஹவாய்ச் செருப்பைக் கழற்றி நட்டநடுவில் வைத்தாள்.

“யக்கா, இது போதுமா, கீயருந்து வாட்ச்மேனுதையும் எட்த்தாரவா?”

அதற்கு அவசியம் இல்லாமல் போனது. வாட்ஸாப்பில் யாரோ படம் போட்டார்கள். பத்தே நிமிஷத்தில் ஐந்து மாடியும் மூன்றாம் மாடியில் இருந்தது. பொதுக்குழுவுக்கு நாங்கள் நடையாக நடந்து கூப்பிட்டபோது வராத முகங்களை எல்லாம் அன்று தரிசித்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலு வந்தார். லிஃப்டிலிருந்து வெளியே வைத்த முதல் அடியிலேயே அன்புக்கரசியின் ஹவாயை மிதித்தார்.

இத்தனை வருஷமாக எந்தக் கோப்பிலும் எதுவும் எழுதாத மனிதருக்கு முகம் சிவந்தது. உதடு துடித்தது. பரிசீலனை எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“என்ன இது, என்ன இதுங்கறேன்! இது காரிடாரா, கோயில் வாசலா?” என்று கத்தினார். ஸ்டாண்டைக் காட்டி, “எல்லாத்தையும் எடுத்துண்டு உள்ள போங்கோ! அந்தச் சனியன் பிடிச்ச பூட்ஸையும் சேர்த்து! எடுத்துண்டு போங்கோ!”

காரிடாரில் ஒரு குளிர்ந்த காற்று அடித்தது. இசக்கியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பூட்ஸை எடுத்தாள். எங்களால் அசைக்க முடியாத பூட்ஸ் பூவைப்போல வந்தது. நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தன் கையால் ஒரு செருப்பையும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. நான் அவளையே பார்த்தேன்.

“என்னங்க பாக்கிய? இது செருப்பா? அவுகளுக்கு வீடுல்லா” என்று சொல்லிவிட்டு வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். பூஜை அலமாரியைத் தாண்டிச் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பூட்ஸை மேடையில் வைத்தாள். “வாங்க தாத்தா. முன்னயே கூப்புட்டிருக்கணும், புத்தி கெட்டுப் போச்சு. மனசுல வச்சுக்கிடாதிய.”

பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு ஒரு தாடி. எலுமிச்சம்பழம் எங்கள் கண்ணெதிரே அணிலாகி, அணில் பூனையாகி, சிலிண்டருக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தது. ப்ரியா தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வெளியே செருப்புகளை எல்லாம் பெருக்கி எடுத்தாயிற்று. ஸ்டாண்டும் போயிற்று. பொதுக்குழு அங்கேயே கூடி, காரிடாரில் எவரும் எக்காரணம் கொண்டும் காலணி விடக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. இதற்கு ஆள்பலம் இருந்தது. பாலு வெற்றிப் புன்னகையோடு லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

பராமரிப்புக்காரர்கள் வர மறுத்துவிட்டார்கள். வாட்ச்மேனும் சமத் பாயும் கதவை நெம்பி அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். படிக்கட்டில் ஏறி, வேர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் நீரஜா மேடம்.

“அய்யாதுரை, அவரை ஒரு தடவை பார்க்கணும். லிஃப்ட் விஷயமா.” அவர் குரல் இவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது.

“தாராளமா வாங்க. உங்களுக்கு இல்லாததா?” என்று இசக்கியம்மாள் கதவை அகலத் திறந்தாள். “செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க.”

பாலு குனிந்து செருப்பைக் கழற்றினார். கீழே வைக்கப் போனார்.

“சார், காமன் ஏரியா” என்றார் நீரஜா மேடம். “இப்பத்தான் தீர்மானம்...”

பாலு நிமிர்ந்தார். காரிடாரைப் பார்த்தார். நிலைப்படியில் நின்ற இசக்கியம்மாளைப் பார்த்தார். செருப்பு கையிலேயே இருந்தது.

அடுப்படியிலிருந்து பகோமிச் ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்று ப்ரியாவைக் கேட்டேன்.

“அவசரமில்லையாம்ப்பா. கமிட்டி கூடி முடிவு பண்ணிட்டு வரட்டுமாம்.”